மணி பிளான்ட் பத்து வருஷமா வெத்தலை அளவுலயே நிக்குது, ஏன்?

மூணாவதுமாடி | ஜூன் 9, இரவு 9:40

வணக்கம். நாலு வருஷமா வாசிச்சுட்டு மட்டும் போற ஆள் நான். முதல் பதிவே மணி பிளான்ட் பத்தி. சாகவே சாகாத செடி, அதுக்குப் போய் ஒரு சந்தேகமான்னு சிரிக்காதீங்க.

வேளச்சேரியில மூணாவது மாடி ஃபிளாட். இந்தக் கொடி வந்து பத்து வருஷம் ஆச்சு. எதிர் வீட்டு அக்கா குடுக்கறேன்னுதான் சொன்னாங்க. "கேட்டு வாங்கினா வராது, திருடி வச்சாத்தான் வளரும்"னு மாமியார் சொல்லிட்டதால, அக்கா ஊருக்குப் போன நேரமாப் பாத்து, படிக்கட்டுல தொங்கினதுல ஒரு சாண் கிள்ளிட்டு வந்தேன். (அப்புறம் அவங்ககிட்ட சொல்லிட்டேன். "நானும் அப்படித்தான் கொண்டு வந்தேன்"னாங்க.)

முதல்ல ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணியில இருந்துச்சு, அப்புறம் தொட்டி. இப்ப ஜன்னல் கிரில் மேல இருந்து தொங்குது. நீளம் 12 அடி. நடுவுல பூரா மொட்டைக் கயிறு, நுனியில மட்டும் ஏழெட்டு இலை. ஒவ்வொண்ணும் 7 செ.மீ., கொழுந்து வெத்தலை மாதிரி. டீத்தூள், முட்டை ஓடு, அரிசி கழுவின தண்ணி, ஆன்லைன்ல வாங்கின கடல்பாசித் திரவம் எல்லாம் போட்டாச்சு.

தெருமுனையில ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கு. யாரோ என்னைக்கோ தூக்கிப் போட்ட மணி பிளான்ட் அதுல ஏறிக் கிடக்கு. நேத்து கீழ விழுந்திருந்த இலை ஒண்ணை எடுத்துட்டு வந்து டேப் வச்சுப் பாத்தேன். 61 செ.மீ. நீளம், ஓரமெல்லாம் வெட்டு வெட்டா, முறம் மாதிரி இருக்கு. அதே மஞ்சள் தீற்றல், அதே மெழுகுப் பளபளப்பு. இது வேற ஜாதியா? இல்ல நான் வேற ஏதாவது உரம் போடணுமா?

---

மாடித்தோட்டம்33 | ஜூன் 9, இரவு 10:15

19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா தெளிங்க மேடம். மண்ணை மாத்துங்க. டீத்தூளை நிறுத்துங்க, சர்க்கரையோட போட்டா எறும்புதான் வரும். எனக்கு இலை நல்லா வந்துச்சு.

---

ஈசானிமூலை | ஜூன் 10, காலை 6:02

தொங்க விட்டதுதான் தப்பு. மணி பிளான்ட் கொடி கீழ் நோக்கி வரக்கூடாது, செல்வம் இறங்கும். தென்கிழக்கு மூலையில் மேல் நோக்கி ஏற்றி விடுங்கள்.

---

நைட்ஷிப்ட் | ஜூன் 10, காலை 6:30

எங்க வீட்டுல மேல் நோக்கித்தான் போகுது சார். ஈ.எம்.ஐ.யும் அதே திசையிலதான் போகுது.

---

ஹெர்பேரியம் | ஜூன் 10, காலை 11:20

ஈசானிமூலை நண்பர் சொன்ன காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சொன்ன வைத்தியம் சரி. விளக்குகிறேன். தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, தெருமுனை மரத்தில் இருப்பதும் உங்கள் கிரில்லில் தொங்குவதும் ஒரே இனம்தான். உரத்தில் வந்த வித்தியாசம் இல்லை இது. இந்தக் கொடிக்கு இளம்பருவம், முதிர்பருவம் என்று இரண்டு உருவங்கள் உண்டு. தரையில் ஓடும்போதும் அந்தரத்தில் தொங்கும்போதும் அது இளம்பருவத்திலேயே இருக்கும். இலை சிறுத்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டுகொண்டே போகும். அந்த நிலையில் அதற்கு ஒரே வேலைதான், ஏற ஒரு மரம் தேடுவது. தேடுகிறவன் வழியில் வீடு கட்டுவானா? அதனால் இலைக்குச் செலவழிக்காமல் தண்டை நீட்டிக்கொண்டே போகிறது. மரம் கிடைத்து, கணுவில் கிளம்பும் வேர் பட்டையைப் பற்றிக்கொண்டதும் கதை மாறும். மேலே ஏற ஏற ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். காட்டில் 20 மீட்டர் வரை ஏறும், இலை ஒரு மீட்டரைத் தொடும். ஓரத்தில் நீங்கள் பார்த்த வெட்டு முதிர்பருவத்தின் அடையாளம். உங்கள் கொடி பத்து வருடமாக மரம் தேடிக்கொண்டிருக்கிறது.

இதே குடும்பத்தில் மான்ஸ்டெரா என்ற கொடி இருக்கிறதே, அதன் ஒரு வகையின் நாற்று வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டை நோக்கி ஊர்ந்து போகிறது என்று கோஸ்டாரிகாவில் பார்த்து 1975ல் எழுதினார்கள். காட்டுத் தரையில் இருட்டாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு பெரிய அடிமரம்தானே.

"வேற ஜாதியா" என்று நீங்கள் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் மாணவர்கள் வருடம் தவறாமல் பெரிய இலையைக் கொண்டுவந்து "சார், புது செடி" என்பார்கள். தாவரவியல்காரர்களும் தடுமாறித்தான் போனார்கள். 1880ல் போத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சிண்டாப்சஸ் என்றார்கள், ராஃபிடோஃபோரா என்றார்கள், 1964ல்தான் எபிபிரெம்னம் ஆரியம் என்ற இப்போதைய பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். நர்சரிக்காரர்கள் இன்னும் முதல் பெயரை விடவில்லை, போத்தோஸ் என்றுதான் சீட்டு ஒட்டுகிறார்கள். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம், பூவைப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தில் பேரினம் பிரிப்பது கடினம். இதுவோ ஏறக்குறைய பூப்பதே இல்லை. ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனைச் செய்யும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்ததும் பூத்தது.

பூ இல்லை என்றால் விதை இல்லை. பசிபிக் கடலில் தாஹித்திக்குப் பக்கத்தில் மூரியா என்ற தீவு இதன் சொந்த ஊர். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது மனிதன் கிள்ளிக் கிள்ளி நட்டதால்தான். உங்கள் மாமியார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

---

மூணாவதுமாடி | ஜூன் 10, மதியம் 2:05

சார், கடைசிப் பத்தியை மட்டும் மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். அதுல இருந்து அவங்களைக் கையில பிடிக்க முடியல.

ஆனா மரத்துக்கு நான் எங்க போறது? போன வருஷம் நர்சரியில மாஸ் ஸ்டிக்னு (கொடி ஏறறதுக்குப் பாசி சுத்தின கம்பு) 350 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். கொடியைச் சுத்திக் கட்டியும் வச்சேன். ஆறு மாசம் ஆகியும் ஒரு வேர் கூட அதுல ஒட்டல. கட்டை அவுத்தா அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு.

---

கொடிக்கால்பேரன் | ஜூன் 10, இரவு 11:48

அக்கா, எனக்கு ஊர் சோழவந்தான். தாத்தா இருக்கற வரைக்கும் வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தோம். 2023ல எங்க ஊரு வெத்தலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க வீட்டுல கொடியும் இல்ல, தாத்தாவும் இல்ல. சரி, அதை விடுங்க.

வெத்தலைக்கும் மணி பிளான்ட்டுக்கும் சொந்தம் கிடையாது. வெத்தலை மிளகோட சாதி. ஆனா ரெண்டும் ஏறுற விதம் ஒண்ணுதான், கணுவுல ஒட்டு வேர் விட்டு ஏறும். கொடிக்கால்ல அகத்தியைப் போட்டு, அது வளந்த பிறகுதான் கொடியையே நடுவாங்க. கொடி இளசா இருக்கறப்ப தன்னால அகத்தியைப் பிடிக்காது. தாத்தா வாழை நாரைத் தண்ணியில ஊறப் போட்டு இடுப்புல செருகிட்டு, வரிசை வரிசையாக் குனிஞ்சு போவாரு. கணு வேர் எந்தப் பக்கம் முளைச்சிருக்குன்னு பெருவிரலால தடவிப் பாத்து, அந்தப் பக்கம் மரத்துல படற மாதிரி திருப்பி வச்சு, நாரை ஒரு சுத்து சுத்தி முறுக்கி விடுவாரு. முடிச்சே போட மாட்டாரு. "வேர் பிடிக்கிற வரைக்கும் நார் இருந்தாப் போதும், அப்புறம் அது மக்கணும்"பாரு. உள்ள செருப்போட போனா முதுகுல ஒண்ணு விழும்.

உங்க ஸ்டிக்ல ரெண்டு தப்பு நடந்திருக்கு. ஒண்ணு, கடையில மாஸ்னு விக்கறதுல பாதிக்கு மேல பாசியே கிடையாது, பி.வி.சி. பைப் மேல தேங்காய் நார்க் கயிறு சுத்தினது. மேல தண்ணி ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும். காஞ்ச இடத்துல வேர் பிடிக்கவே பிடிக்காது. இன்னொண்ணு, நீங்க *சுத்தி* கட்டியிருக்கீங்க. படிக்கட்டுக் கைப்பிடியில சீரியல் பல்பு சுத்துற மாதிரி கொடியைக் கம்பைச் சுத்திக் கொண்டு போனா, பாதிக் கணுவோட வேர்ப் பக்கம் வெளியதான் பாத்துட்டு இருக்கும். நேரா நிமித்தி, முதுகுல ஒட்டுற மாதிரி வைக்கணும்.

நான் பண்றது இதுதான். தோட்டத்துக்கு விக்கிற பிளாஸ்டிக் வலை, அரை இஞ்ச் கண்ணு, அதை 3 இஞ்ச் அகலத்துக்குக் குழாய் மாதிரி சுருட்டி ஒயர் டேக் போடுவேன். உள்ள மட்டையைப் பிச்சுப் போட்ட நார் ரெண்டு பங்கு, கழுவின கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, இறுக்கி அடைக்கணும். நடுவுல ஒரு கம்பி இல்லாட்டி மூங்கில், இல்லைன்னா ஒரு மாசத்துல சாஞ்சிடும். 4 அடி உயரம் போதும். தொட்டி மண் தொட்டியா, கனமா இருக்கட்டும். அடியில ரெண்டு கருங்கல்லு போடுங்க.

12 அடிக் கொடியை அப்படியே ஏத்தாதீங்க. மொட்டைத் தண்டுல இலை திரும்ப வராது. வெட்டுங்க. ரெண்டு மூணு கணு இருக்கற மாதிரி துண்டு போட்டு, ஒரு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி அஞ்சாறு துண்டைக் கம்பைச் சுத்தி நடுங்க. இலை இல்லாத கணுவுல இருந்தும் குருத்து வரும், வெறும் இலையை மட்டும் நட்டா வேர் வந்தாலும் கொடி வராது. கட்டறப்ப தண்டைக் கட்டுங்க, இலைக் காம்பைக் கட்டக் கூடாது. காம்பு வெளிச்சத்துக்குத் தானாத் திரும்பணும்.

---

மாடித்தோட்டம்33 | ஜூன் 11, காலை 7:10

அண்ணா, நீங்க இருக்கற இடத்துல நான் 19:19:19னு எழுதினதை அழிச்சிடலாமான்னு பாக்கறேன் 😄

---

கொடிக்கால்பேரன் | ஜூன் 11, காலை 7:25

அழிக்காதீங்க தம்பி, ஏற ஆரம்பிச்ச பிறகு அதுவும் தேவைதான். பாதி அளவு போதும்.

---

பூனைக்காரி | ஜூன் 11, காலை 9:00

இடையில ஒரு எச்சரிக்கை. வீட்டுல பூனை, நாய், தவழுற குழந்தை இருந்தா இந்தக் கம்பைத் தரையில வைக்காதீங்க. எங்க வீட்டுப் பையன் (பூனைதான்) ஒரு இலையைக் கடிச்சுட்டு, அரை மணி நேரம் வாயில நுரை தள்ளி, முன்னங்காலால வாயைத் தேச்சுட்டே இருந்தான். நான் அழுதுட்டே ஆட்டோ பிடிச்சேன். டாக்டர் வாயைக் கழுவி விட்டு, சாயங்காலம் வரைக்கும் பாக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை வாந்தி எடுத்தான், அப்புறம் சரியாயிட்டான்.

---

ஹெர்பேரியம் | ஜூன் 11, காலை 10:12

சரியாகச் சொன்னீர்கள். இதன் திசுவில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்தால் வாயில் தைக்கும். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறதே, அதே ஊசிதான். கருணை, சேம்பு, மணி பிளான்ட், மருந்துக்கடை யானைத்திப்பிலி எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டில் கருணைக்குப் புளி ஊற்றுவார்கள், பூனைக்கு அந்த வசதி இல்லை. துண்டு போடும்போது சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், கண்ணைத் தொடாதீர்கள்.

---

வார்டுநடை | ஜூன் 11, இரவு 8:33

நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். கொசு ஒழிப்பு வேலையில வீடு வீடாப் போற ஆள் நான். உள்ள போனதும் முதல்ல பாக்கறது ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற ட்ரே. ரெண்டாவது மணி பிளான்ட் பாட்டில். டார்ச் அடிச்சா நெளியும். "நல்ல தண்ணிதாங்க, அக்வாகார்டு தண்ணி"ம்பாங்க. டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணிதான் வேணும்.

தண்ணியை மாத்தறேன்னு சொல்றவங்களும் ஒண்ணை விட்டுடறாங்க. முட்டை தண்ணியில மிதக்காது, தண்ணி மட்டத்துக்குச் சரியா மேல, பாட்டிலோட உள்பக்கம் ஒட்டியிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால கொட்டி நிரப்பினா மட்டும் பத்தாது, வாரம் ஒரு நாள் பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவணும். முட்டையில இருந்து கொசு ஆக 7லிருந்து 10 நாள்தான். வேரையும் குழாயில காட்டி அலசிடுங்க. தொட்டிக்கு அடியில வைக்கற தட்டுக்கும் இதேதான்.

---

நைட்ஷிப்ட் | ஜூன் 11, இரவு 9:05

ஆனா காத்தைச் சுத்தம் பண்ணும்ல? நாசாவே சொல்லியிருக்கே.

---

ஹெர்பேரியம் | ஜூன் 11, இரவு 9:50

நாசா 1989ல் சோதித்தது காற்றுப் புகாத சிறு அறைக்குள். உங்கள் வீட்டில் ஜன்னல் இருக்கிறது. இதுவரை வந்த சோதனைகளை எல்லாம் 2019ல் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகச் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வரை வைக்க வேண்டுமாம். பிறகு நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?

---

கண்டிமழை | ஜூன் 12, மாலை 4:40

நான் கண்டியில் இருக்கிறன். நீங்கள் எல்லாரும் இதை வளர்க்கப் படுற பாட்டைப் பார்க்கச் சிரிப்பா இருக்கு. எங்கட பக்கம் இதை அழிக்கத்தான் ஆள் தேடுறம். இலங்கையில் இது ஆக்கிரமிப்புச் செடி. ஆரோ தோட்டத்தைத் துப்புரவாக்கி, வெட்டின கொடியைக் காட்டோரம் கொட்டினால், ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. நிலத்தை மூடி, மரத்தில் ஏறி, கீழே வேறு ஒரு கன்றும் முளைக்க விடாது. விதை இல்லாமலே இந்தப் பாடு, விதையும் இருந்திருந்தால்? துண்டு மிஞ்சினால் வெளியில் எறியாதேங்கோ. வெயிலில் நல்லாக் காய வைச்சுப் பிறகு குப்பையில் போடுங்கோ.

---

மூணாவதுமாடி | ஜூன் 12, இரவு 10:30

கண்டி நண்பருக்கு நன்றி. எங்க தெருமுனை மரம் எப்படி அப்படி ஆச்சுன்னு இப்பத்தான் புரியுது.

எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். சனிக்கிழமை வேலை ஆரம்பம். கம்பு வராண்டாவுல, வாசல் பக்கம். கிழக்கு வெளிச்சம் 10 மணி வரைக்கும் சாஞ்சு விழும்.

---

மூணாவதுமாடி | ஜூலை 21, காலை 8:15

உதவி! ஆறு துண்டு நட்டேன், அஞ்சு குருத்து விட்டுச்சு. பேரன் தம்பி சொன்ன மாதிரியே கம்பு செஞ்சு, வாழை நார் கட்டி, கணுவைத் திருப்பி வச்சு, தினமும் காலையில கம்புக்கு ஒரு சொம்பு, தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்தினேன். போன வாரத்துல இருந்து கீழ் இலை ஒண்ணு ஒண்ணா மஞ்சளாகுது. இன்னைக்கு ரெண்டு துண்டு அடியில கொழகொழன்னு இருக்கு, பிடிச்சா கையோட வருது. மண்ணுல சாக்கடை வாடை. தண்ணி பத்தலையோன்னு நேத்து வேற இன்னொரு சொம்பு ஊத்திட்டேன்.

---

கொடிக்கால்பேரன் | ஜூலை 21, காலை 8:40

ஐயோ அக்கா. தப்பு என் பேர்லதான், சொல்லாம விட்டுட்டேன். கம்புக்கு ஊத்தற தண்ணி எங்க போகும்? வடிஞ்சு தொட்டிக்குத்தானே வரும். கம்புக்கு ஊத்தினா தொட்டிக்குத் தனியா ஊத்தவே கூடாது. தொட்டியில என்ன மண் போட்டீங்க?

---

மூணாவதுமாடி | ஜூலை 21, காலை 8:52

கோகோபீட். கட்டியா வாங்கி ஊற வச்சு அப்படியே போட்டேன். மண் எதுவும் சேர்க்கல. லேசா இருக்கும்னு நினைச்சேன்.

---

மாடித்தோட்டம்33 | ஜூலை 21, காலை 9:30

மேடம், நான் முதல் வருஷம் பத்துச் செடியை இப்படித்தான் கொன்னேன், அதனால இதுல எனக்கு டாக்டர் பட்டமே உண்டு. கோகோபீட் மேலாக்க காஞ்ச மாதிரி காட்டும், உள்ள மாவு பிசைஞ்ச மாதிரி ஈரம் நிக்கும். விரலை ரெண்டு கணு வரைக்கும் விட்டுப் பாத்தாத்தான் தெரியும். அப்புறம் கட்டியைக் கழுவாம போட்டா உப்பு. தென்னை நார்க்கழிவுல சோடியம், பொட்டாசியம் எல்லாம் நிறைய இருக்கும், மூணு நாலு தண்ணி அலசிக் கொட்டணும். கழுவினதுன்னு எழுதியிருக்கற கட்டியையும் நான் நம்பறதில்ல.

இப்ப செய்ய வேண்டியது: எல்லாத்தையும் பிடுங்குங்க. வேரைக் கழுவுங்க. வெள்ளையா, விறைப்பா இருக்கறது உயிரு. பழுப்பாகி, இழுத்தா தோல் உரிஞ்சு நூல் மாதிரி நிக்கறது செத்தது, வெட்டிடுங்க. தண்டுலயும் அழுகல் ஏறின இடத்துக்கு மேல ஒரு கணு தள்ளி வெட்டுங்க. ஒரு நாள் நிழல்ல காய விட்டு நடுங்க. கலவை: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் மட்டையைக் கட்டை விரல் அளவுக்கு நறுக்கினது ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டு அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஊத்தின தண்ணி அரை நிமிஷத்துல அடியில வரணும்.

---

ஹெர்பேரியம் | ஜூலை 21, காலை 10:05

"சாகாத செடி" என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். பாட்டில் தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்கிற செடி ஈர மண்ணில் ஏன் அழுகுகிறது என்று பலர் கேட்பதுண்டு. தண்ணீரில் முளைத்த வேர் அங்கே இருக்கும் குறைந்த காற்றுக்குப் பழகி வளர்கிறது. மண்ணில் முளைத்த வேர் மண்துளைகளில் இருக்கும் காற்றை நம்பியது. துளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் மூச்சு முட்டுகிறது, பூஞ்சை நுழைகிறது. கீழ் இலை மஞ்சளானால் நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம்.

---

மூணாவதுமாடி | ஆகஸ்ட் 30, இரவு 9:20

மூணு துண்டு பிழைச்சுது. புதுக் கலவைக்கு மாத்தியாச்சு. கம்பு உச்சியில ஒரு அரை லிட்டர் பாட்டிலைக் கவுத்து வச்சிருக்கேன், மூடியில குண்டூசியால ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டா இறங்கி அடுத்த நாள் காலையில காலியாகுது. தொட்டிக்கு ஒரு சொட்டு கூடத் தனியா ஊத்தறதில்ல.

இன்னைக்கு நார் ஒண்ணு மக்கி அறுந்து கிடந்துச்சு. பக்குன்னு ஆச்சு. கொடியை மெல்ல இழுத்துப் பாத்தேன். வரல! வலைக் கண்ணுக்குள்ள நாலு வேர் புகுந்து பிடிச்சிருக்கு. தாத்தா சொன்னது சரி தம்பி.

புது இலை 11 செ.மீ.

---

கொடிக்கால்பேரன் | ஆகஸ்ட் 30, இரவு 9:31

❤️ இனிமே கட்ட வேண்டிய வேலையே குறையும். அடுத்த கணுவை மட்டும் பாருங்க.

---

மூணாவதுமாடி | அக்டோபர் 18, மதியம் 1:10

16 செ.மீ. ஆனா ஒரு சந்தேகம். மூணுல ஒரு கொடியில இலை முழுப் பச்சையா வருது, மஞ்சளே இல்ல. அதுதான் மத்ததை விட வேகமா வளருது. விடலாமா?

---

மாடித்தோட்டம்33 | அக்டோபர் 18, மதியம் 3:45

மஞ்சள் வேணும்னா விடாதீங்க. பச்சையம் அதிகம், அதனால அது மத்ததை முந்திடும். கடைசியா மஞ்சள் வந்த இலைக்குப் பக்கத்துக் கணு வரைக்கும் திரும்ப வெட்டுங்க. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் மஞ்சள் மங்கும், உங்க இடத்துல அந்தப் பிரச்சினை இருக்காதுன்னு நினைக்கறேன். இப்படி நிறம் மாறுற கிளையைத் தனியாப் பிரிச்சு வளத்துத்தான் புது ரகமே வருது. இப்ப எல்லாரும் தேடற என்-ஜாய், நம்ம நாட்டுல மார்பிள் குயின்ங்கற ரகத்துல இருந்து கிளம்பின திரிபுதான்.

---

ஈசானிமூலை | அக்டோபர் 18, மாலை 6:00

தென்கிழக்கில்தான் வைத்திருக்கிறீர்களா?

---

மூணாவதுமாடி | அக்டோபர் 18, மாலை 6:20

வராண்டாவுல அந்த ஒரு மூலைதான் காலி சார். தற்செயலா தென்கிழக்கு.

---

மூணாவதுமாடி | டிசம்பர் 14, காலை 7:50

போன மாசம் மழையில தெருமுனை மரத்துல ஒரு கிளை கம்பி மேல சாஞ்சு, ஆளுங்க வந்து வெட்டிப் போட்டாங்க. குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி போய், நாலு கணு உள்ள ஒரு துண்டு எடுத்துட்டு வந்துட்டேன். என் பெருவிரலை விடத் தடிமன். வேர் ஒவ்வொண்ணும் சணல் கயிறு மாதிரி. இலையைப் பாதி பாதியா வெட்டிட்டு இன்னொரு கம்புல கட்டினேன். மாமியார் கேட்டாங்க, "இதையும் கேட்டு வாங்கலையே?"ன்னு.

அதுல முதல் குருத்து விரிஞ்சுது. 30 செ.மீ.! பேரன் தம்பி, நேரா பெரிய இலையே வருமா?

---

கொடிக்கால்பேரன் | டிசம்பர் 14, காலை 9:15

வரும் அக்கா. முதிர்ந்த தண்டை வெட்டி நட்டா அந்த வயசை மறக்காது. ஏற இடம் குடுக்காம விட்டா மறந்துடும், நாலஞ்சு இலையிலேயே சின்னதாக ஆரம்பிச்சிடும். கம்பை ஈரமா வச்சுக்கங்க.

---

மூணாவதுமாடி | ஜனவரி 26, மாலை 5:30

மரத்துத் துண்டுல ரெண்டாவது இலை. ஓரத்துல ஒரே ஒரு வெட்டு, நடு நரம்பு கிட்ட வரைக்கும். நான் போட்டோ எடுக்கப் போன் தேடிட்டு வர்றதுக்குள்ள, புழு கடிச்சிருக்குன்னு மாமியார் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து செடி பூரா அடிச்சு முடிச்சுட்டாங்க.

---

ஹெர்பேரியம் | ஜனவரி 26, மாலை 6:05

கெடுதல் இல்லை. மாவுப்பூச்சி வராமல் இருக்கும். வெயில் படும் நேரத்தில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், இலை கருகும்.

---

மூணாவதுமாடி | பிப்ரவரி 20, இரவு 8:45

பழைய கொடி கம்பு உச்சியைத் தொட்டுடுச்சு. மேல் இலை 22 செ.மீ. இதுக்கு மேல கம்பு வைக்க உயரம் இல்ல, மேல ட்யூப்லைட். என்ன பண்ண?

---

கொடிக்கால்பேரன் | பிப்ரவரி 20, இரவு 10:10

கொடிக்கால்ல இதுக்கு "இறக்கிக் கட்டறது"ன்னு பேரு. கொடி ஆள் உயரம் தாண்டினா அகத்தியில இருந்து பிரிச்சு, இலை பறிச்ச மொட்டைத் தண்டை அடியில வளையமாச் சுத்தி மண்ணுல போட்டு மூடி, நுனியைத் திரும்பக் கீழ இருந்து ஏத்துவாங்க. ஆனா மணி பிளான்ட்டை அப்படிப் பண்ணாதீங்க, தடிச்ச தண்டு வளையாது, ஒடிஞ்சிடும். நுனியில மூணு நாலு கணு வேரோட வெட்டி எடுத்து, அதே தொட்டியில கம்போட அடியில நட்டுக் கட்டுங்க. இலை அளவு பெருசா குறையாது. வெட்டின இடத்துக்குக் கீழ பக்கக் குருத்தும் வரும், கம்பு அடர்த்தியாகும்.

---

மூணாவதுமாடி | பிப்ரவரி 21, காலை 6:35

ராத்திரி பூரா மனசே வரல. 22 செ.மீ. இலையோட தலையை வெட்டணுமேன்னு. சரி, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, முடிச்சிடலாம்னு கத்தியை எடுத்துட்டு வெளிய வந்தா, நுனி இல்ல. மூணு கணு, சுத்தமா, சாய்வா வெட்டியிருக்கு.

எதிர் வீட்டு ஜன்னல்ல ஒரு பூஸ்ட் பாட்டில் நிக்குது. அக்கா கோலம் போட்டுட்டே சிரிக்கறாங்க.

---

வார்டுநடை | பிப்ரவரி 21, காலை 7:02

பாட்டிலை வாரம் ஒருக்கா தேச்சுக் கழுவச் சொல்லுங்க.